டி3 வேனில் சுபாரு ஈஜே22: தெர்மோஸ்டாட்டை நகர்த்தும் முன் பைபாஸைப் பாருங்கள்

கேள்வி இது: "1987 ஃபோக்ஸ்வாகன் டி3 வேன். பழைய 2.1 லிட்டர் எஞ்சினை இறக்கிவிட்டு, சுபாரு லெகசியின் ஈஜே22 ஏற்றியிருக்கிறேன். ஹீட்டர் திறந்திருந்தால் டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறது. ஹீட்டரை மூடிவிட்டு ஓட்டினால் பத்து நிமிடத்தில் மேலே ஏறி, பிறகு திடீரென்று கீழே விழுகிறது. ரேடியேட்டர் ஃபேன் ஓடுவதே இல்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். 60, 65 டிகிரிக்கு மேல் போகவில்லை. எஞ்சினுக்கு அடியில் தொங்கும் தெர்மோஸ்டாட் மூடி எதிலாவது இடித்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. தெர்மோஸ்டாட்டை மேல் ஹோஸ் பக்கம் மாற்றிவிடலாமா?"

மாற்றலாம். ஆனால் நீங்கள் சொல்லும் கோளாறு அதனால் தீராது. தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டர் நீருக்கு வழி திறக்கும் வால்வு) நன்றாகத்தான் இருக்கிறது, அதன்மேல் சுடுநீர் படவில்லை. "ஹீட்டரை மூடினால் ஏறுகிறது, திறந்தால் இறங்குகிறது" என்ற ஒரு வரியிலேயே அது தெரிந்துவிடுகிறது.

ஈஜே எஞ்சினில் தெர்மோஸ்டாட் இருப்பது நீர் வெளியேறும் வழியில் அல்ல, உள்ளே நுழையும் வழியில், வாட்டர் பம்பின் அடிப்பக்கத்தில். சூடேறினால் விரிந்து அதைத் திறக்கும் மெழுகுக் குமிழ் பம்பின் உட்புறம் பார்த்து நிற்கும். ரேடியேட்டரிலிருந்து திரும்பும் குளிர்ந்த நீர் அதன் முதுகுப்பக்கம் காத்துக்கொண்டிருக்கும். எஞ்சின் சூடானது குமிழுக்கு எப்படித் தெரியும்? ஹீட்டரிலிருந்து திரும்பும் 16 மிமீ ஹோஸ் அதே பம்பில், குமிழுக்கு உட்புறமாகச் சேர்கிறது. சிலிண்டர் ஹெட்டிலிருந்து கிளம்பி, ஹீட்டரைச் சுற்றி, பம்புக்கு வரும் அந்த நீர்தான் குமிழைக் கழுவிக்கொண்டு போகிறது. லெகசி காரில் ஹீட்டருக்குப் போகும் நீரை அடைக்க வால்வு கிடையாது. சூடு வேண்டுமா வேண்டாமா என்பதைக் காற்றுக் கதவு பார்த்துக்கொள்கிறது. நீர் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதாவது சுபாரு கணக்கில் ஹீட்டர் சுற்றுதான் பைபாஸ், ரேடியேட்டருக்குப் போகாமலே நீர் பம்புக்குத் திரும்பும் வழி.

டி3இன் கணக்கு வேறு. முன்பக்க ஹீட்டருக்கு டாஷ்போர்டிலிருந்து கேபிளில் இயங்கும் வால்வு உண்டு. அது நீரையே அடைக்கும். பின்சீட்டுக்கு அடியில் இன்னொரு ஹீட்டர் இருந்தால் அதற்கும் தனிக் குழாய்த்திருகு உண்டு. இரண்டையும் மூடினால் சுபாருவின் பைபாஸ் செத்துவிடும். த்ராட்டில் பாடிக்குப் போகும் சிறு ஹோஸ் வழியாகக் கொஞ்சம் நீர் ஓடும், அது போதாது. பம்ப் சுழல்கிறது, நீர் நகர வழியில்லை. ஹெட்டில் 100 டிகிரியைத் தாண்டும்போதும் பம்ப் வாயில் 45தான் இருக்கும். பிளாக்கின் உலோகம் வழியாகச் சூடு மெல்ல ஊர்ந்து குமிழை எட்டியதும் தெர்மோஸ்டாட் திறக்கிறது. உடனே தரைக்கு அடியில் கிடந்த குளிர்நீர் மொத்தமாக உள்ளே பாய்கிறது, முள் சடாரென்று விழுகிறது, தெர்மோஸ்டாட் மறுபடி மூடிக்கொள்கிறது. ஃபேன் ஓடாததற்கும் இதுதான் காரணம். டி3இல் ஃபேன் ஸ்விட்ச் ரேடியேட்டரில் இருக்கிறது. அங்கே சூடான நீர் போய்ச் சேர்ந்தால்தானே அது தட்டும்.

தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடலாமே என்று தோன்றும். தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புகளில் பலர் கைவைத்தியமாகச் செய்வது அதைத்தான். 60 டிகிரியில் ஓடும் ஈஜே22இல் கம்ப்யூட்டர், எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து பெட்ரோலை அதிகமாக ஊற்றும். ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகாது. மலையேற்றத்தில் மட்டும் சமாளிக்கும், மற்ற நாளெல்லாம் எஞ்சினைத் தேய்க்கும். தற்காலிகச் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

உள்வாயா, வெளிவாயா?

மேல் ஹோஸ் பக்கம், அதாவது வெளிவாயில் தெர்மோஸ்டாட் வைப்பது முன்பக்கம் எஞ்சினும் அதற்கு முன்னால் ரேடியேட்டரும் உள்ள காரில் பெரிய வித்தியாசம் காட்டாது. டி3இல் காட்டும். எஞ்சின் வேனின் வால்பக்கம், ரேடியேட்டர் மூக்கில். நடுவில் போக ஒன்றும் வர ஒன்றுமாக இரண்டு நீண்ட குழாய்கள். 35 மிமீ உள்விட்டமுள்ள குழாயில் 3 மீட்டருக்கு ஏறக்குறைய 2.9 லிட்டர் பிடிக்கும். இரண்டு குழாய், ரேடியேட்டர், இணைப்பு ஹோஸ் எல்லாம் சேர்த்தால் எஞ்சினுக்கு வெளியே 10 லிட்டரை ஒட்டி நிற்கிறது. லெகசி காரின் மொத்தக் கூலன்ட்டே 6 லிட்டர்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தெர்மோஸ்டாட் கொஞ்சம் திறந்து நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே கிடக்கும் குளிர்நீர் வந்து தீர ஒரு முழு நிமிடம் ஆகும். வெளிவாய் தெர்மோஸ்டாட் அந்தக் குளிர்நீரை உணர்வது, அது பிளாக்கையும் ஹெட்டையும் குளிரவைத்து மறுபக்கம் வந்த பிறகு. அதற்குள் காரியம் முடிந்துவிடும். மூடும், சூடேறும், திறக்கும், மறுபடி குளிரும். குளிர்காலத்தில் முள் ஊஞ்சலாடுவதைப் பார்க்கலாம். அலுமினிய ஹெட்டுக்கும் கேஸ்கெட்டுக்கும் இந்த ஊஞ்சல் நல்லதல்ல. உள்வாய் தெர்மோஸ்டாட் அப்படியில்லை. குளிர்நீரும் பைபாஸ் சுடுநீரும் கலந்து குமிழைத் தொடுகின்றன. குளிர் கூடினால் அந்த நொடியே சற்று மூடிக்கொள்ளும். எஞ்சினுக்குள் போவது எப்போதும் பதமான கலவை. கோல்ஃபின் நாலு சிலிண்டர் எஞ்சினிலும் தெர்மோஸ்டாட் பம்ப் வாயில்தான் இருக்கிறது.

எனவே என் பரிந்துரை: தெர்மோஸ்டாட் உள்வாயிலேயே இருக்கட்டும். தரை இடைவெளிக்காக நகர்த்த வேண்டுமானால் அதையும் உள்வாய்ப் பாதையிலேயே நகர்த்துங்கள். இரண்டிலும் பைபாஸ் கூடவே போகவேண்டும்.

முதல் வழி: இடத்தை மாற்றாமல் பைபாஸ் மட்டும்

செலவு குறைவு, அரைநாள் வேலை. 16 மிமீ பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் டீ (T வடிவ மூன்றுவாய் இணைப்பு) இரண்டு, 16 மிமீ ஹீட்டர் ஹோஸ் ஒரு மீட்டர், கிளிப் எட்டு வேண்டும். பிளாஸ்டிக் டீ வேண்டாம். எஞ்சின் அறைச் சூட்டில் சில வருடத்தில் நொறுங்கும், அதுவும் வண்டி நெடுவழியில் இருக்கும்போதுதான் நொறுங்கும்.

எஞ்சின் மேலுள்ள நீர்க்குழாயில், இரண்டு பக்கத்து நீரும் வந்து சேரும் அந்த கிராஸ்ஓவர் மேனிஃபோல்டில், ஹீட்டருக்குப் போகும் வாய் இருக்கிறது. அதிலிருந்து ஒரு சாண் ஹோஸ், பிறகு முதல் டீ. டீயின் ஒரு கை வேனின் ஹீட்டர் குழாய்க்கு. இன்னொரு கை நேராக இரண்டாவது டீக்கு. இரண்டாவது டீ ஹீட்டர் திரும்பும் ஹோஸும் பைபாஸும் சேரும் இடம். அங்கிருந்து பம்பின் ஹீட்டர் வாய்க்கு. பைபாஸ் ஹோஸ் அரை மீட்டருக்குள் இருக்கட்டும்.

பைபாஸைத் திறந்த 16 மிமீயாகவே விட்டால் நீர் குறுக்குவழியிலேயே போய்விடும்; மூன்று மீட்டர் தள்ளி முன்னால் இருக்கும் ஹீட்டருக்கு ஒன்றும் மிஞ்சாது, கண்ணாடியில் பனி கரையாது. அதனால் பைபாஸ் ஹோஸுக்குள் ஒரு பித்தளைக் கட்டை செருகி நடுவில் 10 மிமீ துளை போடுங்கள். 16 மிமீ குழாயின் பரப்பு 201 சதுர மிமீ, 10 மிமீ துளைக்கு 79. குமிழைக் கழுவ இது தாராளம். முன் ஹீட்டர் இன்னும் மந்தமாக இருந்தால் 8 மிமீக்குக் குறைக்கலாம். அதற்குக் கீழே போகவேண்டாம். பைபாஸில் வால்வு வைக்கும் யோசனையும் வேண்டாம். என்றாவது ஒருநாள் யாராவது அதை மூடிவிடுவார்கள். அளவில்லாமல் பெரிய துளையும் கெடுதல்தான். ஈஜே தெர்மோஸ்டாட்டில் பைபாஸை அடைக்கும் இரண்டாவது தட்டு இல்லை. மேட்டில் முழுச்சூட்டில் ஏறும்போதும் பைபாஸ் நீர் ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பிக்கொண்டிருக்கும்.

இதைச் செய்வதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். ஹீட்டர் திரும்பும் ஹோஸ் இப்போது எங்கே சேர்கிறது? பம்பின் சொந்த வாயில் சேராமல், ரேடியேட்டர் திரும்பும் பெரிய ஹோஸில் டீ போட்டுச் சேர்த்திருந்தால் எல்லாம் வீண். அது தெர்மோஸ்டாட்டுக்கு வெளிப்பக்கம். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது அங்கே ஓட்டமே இருக்காது. இப்படி மாற்றிய வேன்களில் அடிக்கடி காணும் தவறு இது. "இரண்டுமே பம்புக்குத்தானே போகிறது" என்று தோன்றுவதால் நடக்கிறது.

தெர்மோஸ்டாட்டும் அசல் சுபாருவாக இருக்கட்டும். அதன் வாய் அகலம். மலிவு விலையில் கிடைப்பவற்றில் வாய் சிறுத்திருக்கும், அதிக ஓட்டம் வேண்டிய இந்த நீளமான சுற்றுக்கு அது ஆகாது. 76 முதல் 80 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கி 91இல் முழுதாகத் திறக்கவேண்டும். பாத்திரத்து நீரில் நூல்கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே மாட்டுங்கள்; தட்டு 8 மிமீ அளவு நகரவேண்டும். பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது, தொட்டால் கணக்கு பொய்யாகும். மாட்டும்போது குமிழ் பம்புக்குள், ஆடும் ஊசியுள்ள காற்றுத்துளை மேல்பக்கம். மூடியின் போல்ட்கள் அலுமினிய மரையில் ஏறுபவை. 10 நியூட்டன் மீட்டரைத் தாண்டாதீர்கள்.

இரண்டாவது வழி: பம்புக்குப் பக்கத்தில் தனி வீடு

உங்கள் தரை பயம் நியாயமானது. காரில் இந்த மூடி முன்பக்கம், கிராஸ்மெம்பருக்கு (காரின் குறுக்குச் சட்டத்துக்கு) மேலே பதுங்கியிருக்கும். வேனில் எஞ்சின் திரும்பி உட்கார்கிறது. கியர்பாக்ஸ் முன்னால், பெல்ட் பக்கம் பின்பம்பரைப் பார்த்து. ஆயில் சம்ப்பும் (ஆயில் தங்கும் அடித்தொட்டி) இந்த மூடியும்தான் கடைசியில் தொங்கும். சம்ப்பைக் குட்டையாக வெட்டி வெல்ட் பண்ணுகிறவர்கள் மூடியை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

இங்கே ஈஜே தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, மூன்று வாய் உள்ள தனி வீட்டில், அதாவது தெர்மோஸ்டாட்டைத் தாங்கும் கூட்டில், இரட்டைத்தட்டுத் தெர்மோஸ்டாட் வைக்கவேண்டும். ஃபோக்ஸ்வாகனின் 87 டிகிரி தெர்மோஸ்டாட் இதற்கு ஏற்றது. 87இல் தொடங்கி 102இல் முழுதாகத் திறக்கும். பெரிய தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கத் திறக்க, அடியிலுள்ள சின்னத் தட்டு பைபாஸ் வாயை அடைத்துக்கொண்டே வரும். அதனால் பைபாஸைத் தாராளமாக, 19 முதல் 25 மிமீ வரை வைக்கலாம். துளைக்கட்டை தேவையில்லை.

மூன்று வாய்களும் இப்படிப் போகும்: ஒன்று ரேடியேட்டரிலிருந்து திரும்புவது, ஒன்று மேனிஃபோல்டிலிருந்து வரும் பைபாஸ், ஒன்று பம்புக்கு. குமிழ் கலவை அறையில், அதாவது பம்புக்குப் போகும் பக்கம் இருக்கவேண்டும். திருப்பி மாட்டினால் குமிழ் ரேடியேட்டர் நீரை மட்டும் பார்க்கும். நீங்கள் இப்போது படும் பாடே மறுபடி வரும். வீட்டிலிருந்து பம்ப் வரை 40 செமீக்குள் முடியுங்கள்.

ஹீட்டர் திரும்பும் ஹோஸை என்ன செய்வது என்பதில் பலர் தடுமாறுவார்கள். பைபாஸோடு சேர்த்துவிட்டால் அழகாகத் தெரியும், ஆனால் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும்போது சின்னத் தட்டு அந்த வழியை அடைத்து ஹீட்டரைக் கொன்றுவிடும். அதைப் பம்பின் பழைய வாயிலேயே விடுங்கள். இந்த அமைப்பில் ஹீட்டர் மூடினாலும் திறந்தாலும் தெர்மோஸ்டாட் கவலைப்படாது.

பம்பில் இப்போது தெர்மோஸ்டாட் இல்லை என்பதால் மூடிக்கு அடியில் இடைவெளி விழும். அந்த ரப்பர் வளையம் தெர்மோஸ்டாட்டின் விளிம்பைப் பிடித்துத்தான் அடைக்கிறது. பழைய தெர்மோஸ்டாட் ஒன்றின் நடுப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு விளிம்பை மட்டும் ரப்பரோடு வைத்து மூடுங்கள். தொங்கும் அசல் மூடிக்குப் பதில் 10 மிமீ அலுமினியத் தகட்டில் பக்கவாட்டில் திரும்பும் குழாய் வெல்ட் பண்ணிய தட்டையான மூடி போட்டால் தரை இடைவெளி மீளும். வெல்டுக்குப் பின் முகப்பைச் சமன்படுத்தவேண்டும், வெல்ட் சூட்டில் தகடு நிச்சயம் வளையும். பம்பிலும் ஒன்று வெளியிலும் ஒன்று என்று இரண்டு தெர்மோஸ்டாட்டை வரிசையில் வைத்துவிடாதீர்கள். இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

புதிய வீட்டின் தெர்மோஸ்டாட் விளிம்பில், வண்டியில் மேல்பக்கம் வரும் இடத்தில், 3 மிமீ துளை ஒன்று போடுங்கள். காற்று அங்கே தங்கினால் குமிழ் ஆவியில் நிற்கும், நீரில் அல்ல.

இத்தனைக்குப் பிறகும் வெளிவாயில்தான் வைப்பேன் என்றால், பைபாஸைத் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால், எஞ்சின் பக்கமே எடுங்கள். அதே 3 மிமீ துளை அங்கேயும் வேண்டும். குளிர்ந்த ஊரில் முள் ஆடும், சகித்துக்கொள்ளுங்கள்.

மேல் மேனிஃபோல்டும் சென்சார்களும்

எஞ்சின் திரும்பி உட்காருவதால் மேல் நீர்வாய் பின்பம்பரைப் பார்க்கிறது. வேனின் குழாய்களோ முன்பக்கமிருந்து வருகின்றன. ஹோஸை வளைத்துச் சுற்றிக் கொண்டுவரலாம். அல்லது வாயை ஃப்ளைவீல் பக்கம் திருப்பிச் செய்த மேனிஃபோல்டு போடலாம். இந்த மாற்றத்துக்கென்றே விற்கிறார்கள். இரண்டாவதுதான் சுத்தம். ஹோஸ் பாதி நீளம் குறையும், பெல்ட் பக்கம் கைவைக்க இடம் கிடைக்கும்.

மேனிஃபோல்டை மாற்றும்போது இரண்டு சென்சார்கள் கூடவே போகும். கம்ப்யூட்டருக்கானது இரண்டு பின் உள்ளது. அது எப்போதும் நீர் ஓடும் இடத்தில், தெர்மோஸ்டாட் மூடியிருந்தாலும் ஓட்டம் நிற்காத இடத்தில் இருக்கவேண்டும். முட்டுச்சந்துக் குழாயில் வைத்தால் எஞ்சின் கொதிக்கும்போதும் கம்ப்யூட்டர் "இன்னும் குளிர்" என்று நினைத்துக்கொண்டிருக்கும். முள்ளுக்கான சென்சார் ஒரு பின் உள்ளது. சுபாருவின் சென்சாரை டி3 முள்ளோடு இணைத்தால் மின்தடை பொருந்தாது, முள் பொய் சொல்லும். ஃபோக்ஸ்வாகன் சென்சாருக்கு மரைபோட்ட ஓர் உலோகத் தாங்கியை மேனிஃபோல்டில் வெல்ட் பண்ணி அதையே மாட்டுங்கள்.

எக்ஸ்பான்ஷன் (பிரஷர்) தொட்டி

ஈஜே22 காரில் பிரஷர் மூடி ரேடியேட்டரில் இருக்கும். டி3 ரேடியேட்டரில் மூடி இல்லை. எஞ்சின் அறையிலுள்ள பிரஷர் தொட்டியில் இருக்கிறது. அந்தத் தொட்டியை வைத்துக்கொள்ளுங்கள். நீர் குறைந்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கை மினுக்கும் சென்சார் அதில்தான். மேனிஃபோல்டின் உச்சியிலிருந்து மெல்லிய ஹோஸ் ஒன்று தொட்டியின் மேல்வாய்க்கு. காற்று அந்த வழியே வெளியேறும். தொட்டியின் அடிவாயிலிருந்து தடித்த ஹோஸ் பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்கு. ஹீட்டர் திரும்பும் ஹோஸில் டீ போட்டுச் சேர்த்தால் போதும். இந்த அடிஹோஸைத் தவறுதலாக வெளித்தள்ளும் பக்கம் இணைத்தால், அதிக ஆர்பிஎம்மில் பம்ப் வாயில் அழுத்தம் விழுந்து நீர் குமிழிகட்டும், தொட்டியோ வழிந்து ஊற்றும். தொட்டி முழுச் சுற்றிலும் எஞ்சின் பக்கத்து உயரமான புள்ளியாக இருக்கவேண்டும், மேனிஃபோல்டைவிட ஒரு விரல்கடையாவது மேலே.

மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். பாதிக்குப் பாதி கிளைகால் (உறையாமல் காக்கும் திரவம்) கலந்த நீர் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். சுமார் ஒரு பார் அழுத்தம் நின்றால் 125ஐத் தாண்டும். ஒழுகும் மூடி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

குழாயும் கிளிப்பும்

தரைக்கடியில் போகும் குழாய் எஃகா பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். பிளாஸ்டிக்காக இருந்தால் முனையைத் தாங்க உள்ளே ஓர் உலோக வளையம் உண்டு. அது துருவேறித் தளர்ந்தால் கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் கசியும், இறுக்க இறுக்கப் பிளாஸ்டிக் நசுங்கும். அங்கே திருகு கிளிப் வேண்டாம். சூட்டோடு விரிந்து சுருங்கும் ஸ்பிரிங் கிளிப் போடுங்கள். 1980களின் பிளாஸ்டிக் குழாய் இன்னும் இருக்கிறதென்றால், எஞ்சின் மாற்றும் இந்த வேளையிலேயே ஸ்டெயின்லெஸ் குழாய்க்கு மாறுவது புத்திசாலித்தனம்.

சுபாருவின் வாயும் டி3 குழாயும் ஒரே அளவல்ல. வெர்னியர் (நுட்பமாக அளக்கும் கருவி) வைத்து நான்கு முனைகளையும் அளந்து, இருமுனையும் வேறு அளவுள்ள ஹோஸ் வாங்குங்கள். பெரிய ஹோஸைச் சின்னக் குழாயில் கிளிப்பால் நெரித்து ஏற்றுவது ஒழுகலுக்கு அழைப்பு. நீங்களே செய்யும் அலுமினியக் குழாயின் முனையில் புடைப்பு உருட்டியிருக்கவேண்டும்; ஹோஸ் அதைத் தாண்டி 30 மிமீயாவது ஏறவேண்டும், கிளிப் புடைப்புக்கு அப்பால் உட்காரவேண்டும். பம்ப் உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் நீளமாக இருந்தால் உள்ளே ஸ்பிரிங் வையுங்கள். 5000 ஆர்பிஎம்மில் சப்பையாகிப்போன ஹோஸ், வண்டியை நிறுத்திப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாததுபோல உருண்டையாக நிற்கும். எக்ஸாஸ்டிலிருந்து 50 மிமீ விலகாவிட்டால் தகட்டு மறைப்பு வேண்டும். சிலிக்கான் ஹோஸ் பார்க்க மினுமினுப்பாக இருக்கும், சாதாரணத் திருகு கிளிப்பில் குளிர்காலையில் கசியும். நல்ல ரப்பர் ஹோஸே போதும்.

காற்றெடுப்பது

இந்த வேனில் "நீர் ஊற்றியாயிற்று" என்று சொல்வதற்கும் நீர் நிரம்பியதற்கும் நடுவில் ஐந்து லிட்டர் காற்று இருக்கலாம். ஊற்றும் நீரை அளந்து ஊற்றுங்கள். பழைய 2.1 எஞ்சினோடு இந்தச் சுற்று 16 லிட்டர் பிடிக்கும். ஈஜே22 ஏற்றிய பிறகும் காலியான சுற்றுக்கு 15ஐ ஒட்டி உள்ளே போகவேண்டும். பத்திலேயே தொட்டி நிறைந்துவிட்டால் மீதி காற்று.

முன்பக்கத்தை 40 செமீ உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இரண்டு ஹீட்டரையும் முழுதாகத் திறக்கவும். மேல் கிரில்லைக் கழற்றினால் ரேடியேட்டரின் உச்சியில் காற்றுத்திருகு தெரியும், அதைத் தளர்த்துங்கள். தொட்டி வழியாக ஊற்றிக்கொண்டே ஹோஸ்களைக் கையால் பிசைந்துவிடவும். தொட்டியில் நீர் இறங்குவது நின்றதும் எஞ்சினை ஸ்டார்ட் செய்து 2000 ஆர்பிஎம்மில் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நீங்கள் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருங்கள், வற்றவிடாதீர்கள். காற்றுத்திருகில் குமிழியில்லாமல் நீர் வடிந்ததும் இறுக்கவும், தொட்டிக்கு மூடி போடவும். ஃபேன் ஒருமுறை தட்டி நிற்கும்வரை ஓடவிட்டு, ஆறவைத்து, மறுநாள் காலை அளவு பாருங்கள். அரை லிட்டர் இறங்கியிருந்தால் கவலையில்லை. மூன்றாம் நாளும் இறங்கினால் எங்கோ போகிறது.

கூலன்ட் ஒரே வகையாக இருக்கட்டும். பழைய ஃபோக்ஸ்வாகன் நீலமும் சுபாருவின் பச்சையும் வேறு மருந்து. கலக்காமல், குழாய், ரேடியேட்டர், ஹீட்டர் எல்லாவற்றையும் நன்னீரில் அலசிவிட்டு, சிலிகேட் இல்லாத ஜப்பானிய வகையைக் காய்ச்சிவடித்த நீரோடு பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். ஹீட்டரில் தங்கிய அலசல் நீர் கலவையை நீர்த்துப்போகச் செய்யும். உறைநிலை அளக்கும் கருவியில் ஒருமுறை பாருங்கள்.

அளந்து பார்ப்பது

முள்ளை நம்பாதீர்கள். நான்கு இடத்தில் வெப்பம் அளக்கவேண்டும்: மேல் மேனிஃபோல்டு, பம்பின் உடம்பு, ரேடியேட்டரிலிருந்து திரும்பும் குழாய், ஹீட்டர் திரும்பும் ஹோஸ். கம்பி சென்சாரை டேப் போட்டு ஒட்டுவது நல்லது. லேசர் தெர்மாமீட்டர்தான் இருக்கிறதென்றால் அளக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது இருபது முப்பது டிகிரி குறைத்துச் சொல்லும்.

ஹீட்டர் இரண்டையும் மூடிவிட்டு ஓட்டிப் பாருங்கள், சோதனையே அதுதான். அசல் சுபாரு தெர்மோஸ்டாட்டோடு, சமதளத்தில் சீராகப் போகும்போது மேனிஃபோல்டு 85 முதல் 92 வரையும், பம்ப் அதைவிட 5 முதல் 10 டிகிரி குறைவாகவும் நின்றால் வேலை முடிந்தது. மேனிஃபோல்டு 100, பம்ப் 50 என்றால் பைபாஸ் ஓடவில்லை. டீயை, துளைக்கட்டையை, இணைப்பின் திசையைப் பாருங்கள். மேனிஃபோல்டும் பம்பும் சேர்ந்தே 95ஐத் தாண்டி, ரேடியேட்டர் திரும்பும் குழாய் மட்டும் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை அல்லது முன்னால் காற்று அடைத்திருக்கிறது. திரும்பும் குழாயும் கொதித்தால் நீர் ஓடுகிறது, ரேடியேட்டர்தான் சூட்டை விடவில்லை. ஃபேன், ரேடியேட்டர் இறகில் அடைந்த பூச்சி, பக்கத்துத் தடுப்புத் தகடுகள் மூன்றையும் பாருங்கள். டி3இல் அந்தத் தகடுகள் இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

எல்லா அளவும் சரி, ஆனால் மேடேறியபின் தொட்டியில் குமிழி வந்துகொண்டே இருக்கிறது, ஹோஸ் கல்லாக இறுகுகிறது என்றால் குழாய் வேலையை விட்டுவிட்டு ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். ஈஜே22 அந்த விஷயத்தில் தன் தம்பி ஈஜே25ஐவிட எவ்வளவோ கெட்டி. ஆனாலும் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பலமுறை 100ஐத் தாண்டியிருக்கக்கூடிய எஞ்சின் இது. தொட்டி வாயில் வைக்கும் நீல நிறச் சோதனைத் திரவம் மஞ்சளாக மாறினால் சிலிண்டரில் எரிந்த வாயு நீரில் கலக்கிறது. புதிய தெர்மோஸ்டாட் வீட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள்.